அத்தை பட்டணம் பார்த்தாள்

தெற்கத்தி ஜனங்கள் சென்னைக்கு ரயிலில் வந்தால் பெரும்பாலும் எழும்பூரில்தான் இறங்குவார்கள். செங்கோட்டை வண்டியானாலும் சரி, தூத்துக்குடி வண்டியானாலும் சரி, ராமேசுவரம் வண்டியானாலும் சரி, அதுதான் வழக்கம். ஆனால் சினிமாவில் மட்டும் இந்தச் சட்டம் செல்லாது. கதாநாயகன் மதுரைப் பக்கத்துக் கிராமத்தில் தாயார் காலில் விழுந்துவிட்டு ரயிலேறுவான். அடுத்த காட்சியில் சென்ட்ரல் ஸ்டேஷனின் கடிகாரக் கோபுரம் தெரியும். அதன் கீழே தகரப் பெட்டியோடு திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்பான். அதற்கும் அடுத்த காட்சியில் எல்.ஐ.சி. கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பான். எழும்பூரில் இறங்கியவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்ட்ரலுக்கு எதற்காகப் போனான் என்று இதுவரை எந்த டைரக்டரும் விளக்கியதில்லை.

எனக்கென்னவோ இதைக் குற்றமாகச் சொல்லத் தோன்றவில்லை. பட்டணம் பார்ப்பது என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு ஓர் ஒழுங்கு வேண்டாமா? மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கி, தினம் காய்கறிக் கடைக்கும் ரேஷன் கடைக்கும் நடந்துவிட்டு ஊர் திரும்பினால், "பட்டணம் பார்த்தாயா?" என்று யாராவது கேட்டால், "இல்லை" என்றுதான் பதில் சொல்லவேண்டியிருக்கும். பட்டணம் பார்ப்பதற்கென்று ஒரு ஜாபிதா உண்டு. அதிலுள்ளதைப் பார்த்தால்தான் பார்த்த கணக்கு.

எங்கள் தாத்தா காலத்து ஜாபிதாவில் செத்த காலேஜ், உயிர்க் காலேஜ், மூர் மார்க்கெட், ஐக்கோர்ட்டு, சமுத்திரக்கரை என்று ஐந்து இனங்கள் இருந்தன. செத்த காலேஜ் என்றால் எழும்பூர் மியூசியம். உயிர்க் காலேஜ் என்றால் மிருகக்காட்சி சாலை. 1985-ஆம் வருஷம் இந்த ஜாபிதாவுக்குப் பொல்லாத வருஷம். மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்து போயிற்று. ஜூலையில் வண்டலூரில் புது மிருகக்காட்சி சாலை திறந்தார்கள். நல்லவேளையாக, அதற்கு வெகு நாள் முன்பே, 1959-இல், மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடம் எழும்பி ஜாபிதாவில் சேர்ந்துவிட்டது.

சென்னைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்ட எனக்கு, கதை எழுதுவதற்கு அடுத்தபடியாக உறவினர்களிடையே பெயர் வாங்கிக்கொடுத்திருக்கும் தொழில் இந்த ஜாபிதாவைச் சுற்றிக் காட்டுவதுதான். ராஜபாளையத்துச் சித்தப்பாக்களும் ஸ்ரீவில்லிபுத்தூர் மாமாக்களும் கோடை விடுமுறையில் வந்து இறங்குவார்கள். கையில் ஒரு பொட்டலம் பால்கோவாவைத் திணிப்பார்கள். அந்தப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்ட பிறகு, பொட்டலத்தைக் கொடுக்கும் தோரணையில் ஒரு கம்பீரம் கூடியிருக்கிறது. அதை வாங்கிக்கொண்டு நான் அவர்களை அழைத்துச் செல்வேன்.

மூன்று வருஷங்களுக்கு முன் கார்த்திகை மாதத்தில் அத்தை வந்ததுதான் மற்ற வருகைகளிலிருந்து வேறுபட்டது.

அத்தை என் தகப்பனாரின் அக்கா. ராஜபாளையத்தில் பிறந்து, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூர் தெற்கு ரத வீதியில் வாழ்க்கைப்பட்டவள். மாமா காலமாகி ஏழெட்டு வருஷம். பெரிய வீட்டில் ஒற்றையாக இருந்தாள். ஒரே பிள்ளையான அத்தானுக்குச் சென்னையில் உத்தியோகம், ராயப்பேட்டையில் ஜாகை. அவர் எனக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார்.

"மாப்பிள்ளை, ஊர் வீட்டுக்கு ஒரு பார்ட்டி வந்திருக்கு. தை பிறந்ததும் அட்வான்ஸ் குடுக்கேன்கிறாங்க. அம்மா கையெழுத்துப் போட்டாத்தான் நடக்கும். அவ என்னடான்னா, 'பட்டணத்தை மொதல்ல பாத்துக்கிடுதேன், பெறகு சொல்லுதேன்'கிறா. நீ நல்லாச் சுத்திக் காட்டு. பிடிச்சுப் போச்சுன்னு அவ வாயால வரணும்."

ஆகவே இந்தத் தடவை நான் வெறும் வழிகாட்டி இல்லை, தரகன். பெண்ணுக்கு மாப்பிள்ளையைக் காட்டுவதுபோல், எழுபத்திரண்டு வயதுக் கிழவிக்கு ஒரு பட்டணத்தைக் காட்டிச் சம்மதம் வாங்கவேண்டும். அத்தானுடைய கட்சியையும் குறை சொல்வதற்கில்லை. தாயார் ஒருநாள் இரவு குளியலறையில் வழுக்கி விழுந்து, விடிந்து பால்காரர் வந்து கதவைத் தட்டும் வரையில் தரையிலேயே கிடந்திருக்கிறாள். அதைக் கேட்ட பிள்ளைக்குப் பல காத தூரத்தில் எப்படித் தூக்கம் வரும்?

பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, ஒரு நாள் ஓய்வெடுத்துக்கொண்ட பிறகு, வாடகைக் காரில் புறப்பட்டோம். முதலில் மியூசியம். 1851-இல் ஏற்பட்டது. அமராவதிச் சிற்பங்களும் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளும் இருக்கிற இடம். நான் அதைப் பற்றியெல்லாம் சொல்ல வாயெடுப்பதற்குள் அத்தை வாசல் பலகையைக் காட்டி, "ஏ மருமகனே, நம்ம கோபுரம்!" என்று கூவினாள்.

பலகையில் தமிழ்நாடு அரசின் முத்திரை இருந்தது.

"பெரியம்மா, அது எங்க ஊரு மேலக் கோபுரம்" என்றார் டிரைவர். அவர் மதுரைக்காரர் என்பது அப்போதுதான் தெரிந்தது.

இந்த வழக்கு எழுபது வருஷத்துக்கு மேலாக நடந்து வருகிறது. 1949-இல் முத்திரையை வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் மதுரைக் கோபுரத்தை வைத்தே வரைந்ததாகச் சொன்னார் என்பது மதுரைக் கட்சியின் பெரிய சாட்சியம். ஸ்ரீவில்லிபுத்தூர் கட்சிக்குச் சாட்சியம் எதுவும் தேவையில்லை. அவர்களுக்கு நம்பிக்கை போதும். ராஜபாளையத்துக்காரனாகிய நான் இந்தச் சண்டையில் வேறு விதமாகக் கலந்துகொள்வது வழக்கம். முத்திரை பிறந்த அந்த 1949-ஆம் வருஷத்தில்தான் எங்கள் ஊர் பூ. ச. குமாரசாமி ராஜா சென்னை மாகாணத்தின் தலைமைப் பதவிக்கு வந்தார்; 1952 வரையில் இருந்தார். பிற்பாடு தம்முடைய வீட்டையே காந்தி கலை மன்றமாக ஊருக்குக் கொடுத்துவிட்டார். கோபுரம் உங்களுடையதாக இருக்கட்டும், அதன் கீழே கையெழுத்துப் போட்டவர் எங்கள் ஊர்க்காரர் என்பேன். இப்படித்தான் எங்கள் இரண்டு ஊருக்கும். அவர்களுக்குக் கோயில், தேர், பால்கோவா. எங்களுக்குப் பஞ்சு மில், வேட்டை நாய், சஞ்சீவி மலை. கோபுரத்தை மனுஷன் கட்டினான், மலையை யார் கட்டினான் என்று கேட்டு வாயை அடைப்போம்.

மியூசியத்தில் அத்தை அதிக நேரம் தங்கவில்லை. செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றினாள். ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டிக்கும் முன்னால் ஒரு விநாடி நின்றாள். "அழகாத்தான் இருக்காங்க. ஆனா பட்டினியா இருக்காங்க" என்றாள். அதற்கு மேல் அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

சென்ட்ரலைப் பார்த்ததும்தான் முகம் மலர்ந்தது. ஸ்டேஷனுக்கு 2019-இல் எம்.ஜி.ஆர். பெயரை வைத்துவிட்டார்கள் என்று சொன்னதும், "அவர் பேரா? அப்பச் சரி" என்றாள். 1873-இல் கட்டிய சிவப்புக் கட்டடத்தையும் கடிகாரத்தையும் திருப்தியாகப் பார்த்தாள். "இங்கனதானே எல்லாரும் பெட்டியோட நிக்கிறது?" என்று கேட்டு, தானும் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

பக்கத்திலேயே ரிப்பன் கட்டடம். 1913-இல் கட்டி முடித்தது. நூறு வருஷத்துக்கு மேலாகியும் வெள்ளை வெளேரென்று இருப்பது. லார்டு ரிப்பனைப் பற்றி நான் சொன்னதை அத்தை காதில் போட்டுக்கொள்ளவில்லை. அது கார்ப்பரேஷன் ஆபீஸ் என்று தெரிந்ததும் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"வீட்டு வரி இங்கனதான் கட்டணுமா?"

"ஆமாம் அத்தை. இப்பெல்லாம் போனிலேயே கட்டிடலாம்."

"நான் அம்பது வருசமா நம்மூரு முனிசிபாலிட்டிக்கு நடந்து போய்த்தான் கட்டுதேன். ஒரு வருசம் பாக்கி வச்சதில்ல."

இதைச் சொல்லிவிட்டு அந்த வெள்ளைக் கட்டடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். என் தரகு வேலைக்கு அது நல்ல சகுனமாகப் படவில்லை. பேச்சை மாற்ற, அடுத்தாற்போல் இருக்கும் விக்டோரியா ஹாலைக் காட்டினேன். 1883-இல் அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டியவர் விஜயநகரம் ஜமீன்தார் பூசபாடி ஆனந்த கஜபதி ராஜு. குமாரசாமி ராஜாவின் முதல் எழுத்தான 'பூ'வுக்கும் அதே பூசபாடிதான் விரிவு. "பார்த்தாயா அத்தை, நம்ம பக்கத்துப் பேரு இங்கேயும் இருக்கு" என்றேன். "பேரு இருந்து என்ன செய்ய? ஆளைத் தெரியுமா?" என்றாள் அத்தை.

ஐக்கோர்ட்டு விஷயம் சுவாரசியமானது. 1892-இல் திறந்த கட்டடம். அதன் உச்சிக் கோபுரத்தில் 1894 முதல் 1977 வரையில் கலங்கரை விளக்கம் எரிந்தது. பிறகுதான் விளக்கைக் கடற்கரையில் புதிதாகக் கட்டிய கோபுரத்துக்கு மாற்றினார்கள். முதல் உலக யுத்தத்தில், 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, ஜெர்மானியரின் எம்டன் கப்பல் சென்னை மேல் குண்டு போட்டதே, அதில் ஒன்று இங்கேயும் வந்து விழுந்தது. மதில் ஓரத்தில் கல்வெட்டு இருக்கிறது. எம்டன் என்றதும் அத்தைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "உங்க மாமாவை நான் அப்படித்தான் சொல்லுவேன். எம்டன், எம்டன்னு! கப்பலா அது? எனக்கு இம்புட்டு நாளும் தெரியாது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு அந்த உச்சியைப் பார்த்து, "அங்கனயா வெளக்கு எரிஞ்சுது? கடல்ல இருக்கிறவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். வெகு தூரம் வரையில் தெரியும் என்றேன்.

"அப்படின்னா இது வேலை பார்த்த கோபுரம்" என்றாள். அன்று பார்த்தவற்றில் அத்தை மரியாதையோடு பேசியது இந்த ஒன்றைப் பற்றித்தான்.

கடைசியாக மவுண்ட் ரோடு. அண்ணா சாலை என்று பெயர் மாறி எத்தனையோ காலமாகியும் நாக்கு மவுண்ட் ரோடு என்றுதான் சொல்கிறது. எல்.ஐ.சி. எதிரே காரை நிறுத்த இடம் கிடைக்காமல், சற்றுத் தள்ளி இறங்கி நடந்து வந்தோம். என் கைவசம் இருந்த சரக்கையெல்லாம் அவிழ்த்தேன். பதினான்கு மாடி, 177 அடி உயரம். திறந்த காலத்தில் இதைப் பார்க்கவே ஜில்லாக்களிலிருந்து ஜனங்கள் வருவார்கள். இதைக் கட்ட எண்ணியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், தம்முடைய இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எண்ணினார். 1954-இல் விமான விபத்தில் இறந்துபோனார். 1956-இல் ஆயுள் இன்ஷூரன்ஸ் முழுவதையும் சர்க்கார் எடுத்துக்கொண்டது. அவருடைய கட்டடம் சர்க்கார் கட்டடமாக 1959-இல் எழுந்து நின்றது. 1975-இல் தீப்பிடித்தது, அதையும் தாங்கி நிற்கிறது.

அத்தை அண்ணாந்து பார்த்தாள். சினிமாக் கதாநாயகனைப்போல் பிரமிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"நம்ம கோபுரத்தைவிட ஒசரமா?"

கேட்டபிறகுதான் எனக்கே கணக்கு உறைத்தது. வடபத்ரசாயி கோயில் கோபுரம் பதினொரு நிலை, 192 அடி என்று பள்ளிக்கூடத்திலே நெட்டுருப் போட்டிருக்கிறேன்.

"இல்லை அத்தை. நம்ம கோபுரம் பதினைந்து அடி கூடுதல்."

இதைச் சொல்லும்போதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அறுபது வருஷமாக எங்கள் பக்கத்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து வாயைப் பிளந்து பார்க்கிற கட்டடம், அவர்கள் தினம் கீரை வாங்கிக்கொண்டு கடந்து போகிற கோபுரத்தைவிடக் குட்டை! அங்கே ஒருவரும் அண்ணாந்து பார்த்ததில்லை. இங்கே வந்து கழுத்து வலிக்கப் பார்க்கிறார்கள்.

அத்தை அதற்காகப் பெருமைப்படவில்லை. "அம்புட்டா இருக்கு? நான் எண்ணிப் பார்த்ததே இல்ல மருமகனே" என்றாள். பிறகு நடைபாதை ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டு ஒரு கதை சொன்னாள்.

அத்தானுக்கு ஆறு வயசு. ஆடிப்பூரத் தேரோட்டம். தேர் நகர்ந்ததும் கூட்டம் நெருக்கியதில் பிள்ளையின் கை நழுவிவிட்டது. மாமா ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம் அலறிக்கொண்டு தேடினார்கள். இரண்டு மணி நேரம் தேடிச் சலித்து, அத்தை அழுதுகொண்டே வீடு திரும்பினால், பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து யாரோ கொடுத்த மிட்டாயைச் சப்பிக்கொண்டிருக்கிறான். எப்படியடா வந்தாய் என்றால், "நீதானேம்மா சொல்லியிருக்கே, தொலைஞ்சு போனாக் கோபுரத்தைப் பார்த்து நட, அதுக்குப் பக்கத்திலதான் நம்ம வீடுன்னு" என்றானாம்.

"கோபுரம் எதுக்குன்னு நெனச்சே? அதுக்குத்தான். பஸ்ல வரும்போது தூரத்தில உச்சி தெரிஞ்சா, பையை எடுத்து மடியில வச்சுக்கிடுவோம். ஊர் வந்திருச்சுன்னு அர்த்தம்." கொஞ்சம் நிறுத்தினாள். "இங்கன தொலைஞ்சு போனா எதைப் பார்த்து நடக்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. செட்டியார் கதையெல்லாம் விஸ்தாரமாகச் சொன்ன வாய் அடைத்துப் போயிற்று. அவள் கேட்டது கட்டடத்தைப் பற்றிய கேள்வி இல்லை. இருட்டில் விழுந்து கிடந்த ஒருத்தி, தெரியாத ஊரில் விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறாள். கடற்கரைக்குப் போனோம், அலையில் கால் நனைத்தோம், சுண்டல் வாங்கினோம். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று அத்தை சொன்னாள். பெண் வீட்டார் அப்படிச் சொன்னால் சம்பந்தம் முறிந்துவிட்டது என்று அர்த்தம். அத்தானிடம் அப்படியே சொல்லிவிட்டேன்.

ஊருக்குத் திரும்ப டிக்கெட் வாங்கியாகிவிட்டது. இடையில் மார்கழி பிறந்தது. ஆண்டாள் பிறந்த ஊர்க்காரிக்கு மார்கழியில் விடியற்காலைக் கோயில் இல்லாமல் முடியுமா? பக்கத்து வீட்டு அம்மாளோடு திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலுக்குப் போக ஆரம்பித்தாள். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, பொங்கல் வரிசையில் அந்த அம்மாளைத் தவறவிட்டுவிட்டாள். கையில் போன் இல்லை. தெருப் பெயர் தெரியாது. தெரிந்தும் பிரயோஜனமில்லை, அத்தான் தெருவுக்குப் பழைய பெயர் ஒன்று, புதுப் பெயர் ஒன்று.

வீட்டில் ஒரே களேபரம். அத்தான் எனக்குப் போன் செய்ய, நான் விழுந்தடித்துக்கொண்டு ராயப்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது, வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளேயிருந்து அத்தை தொன்னைப் பொங்கலோடு இறங்கினாள். டிரைவரிடம் சாவகாசமாகச் சில்லறையை எண்ணிக் கொடுத்தாள்.

"எப்படியம்மா வந்தே?" என்று கேட்டார் அத்தான். குரல் நடுங்கியது. அந்தக் கேள்வியை முப்பத்தைந்து நாற்பது வருஷத்துக்கு முன்னால் வேறொருவர் வேறொரு திண்ணையில் கேட்டார் என்பது அவருக்கு அப்போது நினைவில்லை.

"என்னத்தைப் பெரிசா! எல்.ஐ.சி.க்குப் பின்னால, மணிக்கூண்டுக்கு முன்னால, ஒரு வேப்பமரம் நிக்குற சந்துன்னு சொன்னேன். அந்தப் பையன் கொண்டாந்து விட்டுட்டான்."

மணிக்கூண்டு என்றால் ராயப்பேட்டை மணிக்கூண்டு. என் ஜாபிதாவில் இல்லாதது. அதை அவளுக்கு நான் காட்டவே இல்லை. காய்கறி வாங்கப் போனபோது அவளாகப் பார்த்து வைத்துக்கொண்டிருக்கிறாள். எல்.ஐ.சி.யோ அவளுக்கு இப்போது 177 அடியும் இல்லை, பதினான்கு மாடியும் இல்லை. அதற்குப் பின்னால் மகன் வீடு இருக்கிறது, அவ்வளவுதான்.

இதன் பிறகு பட்டணம் பிடித்துப்போயிற்று என்று அவள் வாயால் சொன்னாளா என்றால், இல்லை. டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னாள். வீட்டை விற்கவும் கையெழுத்துப் போடவில்லை. ஒரு பால்கோவா வியாபாரிக்கு முன்கட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, பின்கட்டைத் தனக்கென்று பூட்டி வைத்திருக்கிறாள். ஸ்ரீவில்லிபுத்தூர் முனிசிபாலிட்டிக்கு இன்றுவரையில் வரி பாக்கி இல்லை. அத்தானுக்கு முதலில் வருத்தம்தான். ராத்திரி எழுந்து பார்த்தால் அம்மா பக்கத்து அறையில் தூங்குகிறாள் என்று ஆனதும் வருத்தம் போய்விட்டது.

எனக்கு மட்டும் அந்த நாளிலிருந்து ஒரு நினைப்பு. ஊரின் நடுவே உயரமாக நிற்கும் எதையும் நாம் அடையாளம் என்கிறோம். யாருக்கு அடையாளம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மூர் மார்க்கெட் எரிந்து நாற்பது வருஷமாகிவிட்டது. அந்த இடத்தில் எழுந்த புறநகர் ரயில் நிலையத்தை இன்னும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்றுதான் சொல்கிறார்கள். இல்லாத கட்டடம் இன்னும் வழி காட்டிக்கொண்டிருக்கிறது. அண்ணாந்து பார்ப்பதை நிறுத்திவிட்டு, அதை வைத்து வழி சொல்ல ஆரம்பித்த அன்றுதான் ஒருவர் அந்த ஊர்க்காரர் ஆகிறார்.

போன ஆடிப்பூரத்துக்கு அத்தையை நான்தான் ஊருக்கு அழைத்துப் போனேன். பஸ் நிலையத்திலிருந்து ரத வீதிக்கு நடந்தோம். அத்தை வழியில் தெரிந்தவர்களிடம் பட்டணத்துக் காய்கறி விலையைச் சொல்லிக்கொண்டே, கோபுரத்தின் பக்கம் தலையை நிமிர்த்தாமல் விறுவிறுவென்று போய்விட்டாள். நான் பின்தங்கிவிட்டேன். காலை வெயில் அப்போதுதான் மேல் நிலைகளில் பட்டிருந்தது. பொம்மைகளின் நெருக்கடி இல்லாமல், நிலை மேல் நிலையாக, அது பாட்டுக்கு நின்றது. கழுத்தை வளைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று நிலைகளை எண்ணினேன். எட்டில் கணக்குத் தவறி மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன்.

பூக்கடையில் இருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயாவுக்கு எந்த ஊரு?" என்று கேட்டாள்.

"ராஜபாளையம்" என்றேன்.

அவள் நம்பவில்லை.